ஓதம் அடித்த சுவரில் வால்பேப்பரா, பி.வி.சி. பேனலா?

மதுரை திருநகரில் பத்து வருடத்துக்கு முன் கட்டிய வீடு. தரைத்தள ஹாலில் டிவி மாட்டும் மேற்குச் சுவர், 12 அடி அகலம், பத்தரை அடி உயரம். கீழே இரண்டரை அடி வரைக்கும் பெயிண்ட் பொரிந்து வெள்ளையாக மாவு கொட்டுகிறது. இரண்டு தடவை பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தும் மழைக்காலம் கழிந்ததும் திரும்ப வந்துவிடுகிறது. ஒரு கடையில் வினைல் வால்பேப்பர் போடச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் பி.வி.சி. பேனல் அடித்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள், ஆன்லைனில் ஒட்டுகிற ஃபோம் ஷீட் மலிவாகக் கிடைக்கிறது. இதில் எதை வாங்குவது, எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எதை வாங்குவது என்பதற்கு முன்னால், இந்தச் சுவரை மூடலாமா என்று பார்த்தாக வேண்டும். நீங்கள் சொல்லும் நிலையில் இப்போதைக்கு எதைக் கொண்டும் மூடாதீர்கள். ஓதத்தை நிறுத்தி, சுவரைக் காயவிட்ட பிறகு நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டை நம்பிப் போடலாம். மூன்றாவதை எப்போதும் வேண்டாம் என்பேன்.

கொட்டுகிற அந்த வெள்ளை மாவு பட்டியோ சுண்ணாம்போ இல்லை, உப்பு. மண்ணிலும் செங்கலிலும், கட்டும்போது கலந்த போர்த் தண்ணீரிலும் இருந்த உப்பு, ஈரத்தில் கரைந்து சுவருக்குள் நகர்கிறது. ஈரம் சுவரின் முகத்துக்கு வந்து காயும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் வளரும்போது தரும் அழுத்தம் பெயிண்டைத் தூக்கும், பட்டியை உடைக்கும், நாளாக ஆகப் பூச்சையே உதிர்க்கும். பெயிண்டைத் தூக்குகிற அந்த அழுத்தம் பசையையும் தூக்கும். வினைலும் பி.வி.சி.யும் ஆவியை வெளியே விடாதவை. வழக்கமாகக் காய்ந்துகொண்டிருந்த முகத்தை மூடிவிட்டால், ஈரம் காய வழி தேடி மேலே ஏறும், அல்லது சுவரின் மறுபக்கம் போகும். இரண்டரை அடியில் நின்ற கோடு நாலு அடிக்குப் போவது அப்படித்தான். பேனல் கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. பி.வி.சி. அழுகாது, உப்பு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைத் தாங்கும் மர ரீப்பர் ஊறும், கரையான் ஏறும், சுவிட்ச் பாக்ஸின் ஆணிகளும் முனைகளும் துருப்பிடிக்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும், தெரிய வரும்போது பேனலைக் கழற்றித்தான் பார்க்க முடியும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அடையாளத்தை வைத்து ஓரளவு பிரித்துவிடலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும், பெரும்பாலும் மூன்று அடிக்கு மேல் போகாது. குழாய்க் கசிவு ஒரு இடத்தில் திட்டாக இருக்கும், கோடையிலும் காயாது. வெளிச்சுவர் விரிசல், சன்ஷேடு மூட்டு, ஜன்னல் மூலை வழியாக வரும் மழை ஈரம் மழை பெய்த ஒன்றிரண்டு நாளில் தெரிந்து பிறகு வெளுக்கும். மாடித் தட்டோட்டின் மூட்டு விட்டிருந்தால் சுவரின் தலைப்பகுதியும் சீலிங் ஓரமும் முதலில் கறுக்கும். நீங்கள் சொல்வது முதல் வகைக்கு ஒத்துப்போகிறது. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், குழாயையும் தரை டைல்ஸ் மூட்டையும் பார்க்காமல் நிலத்து ஈரம் என்று முடிவுகட்டக் கூடாது. எழுத்தை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும். சுவரைத் தட்டிப் பார்க்கும் ஒரு நல்ல கொத்தனார் இதைவிடக் கூடுதலாகச் சொல்வார்.

வெளியே போய் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, வெளித்தரை மட்டம். நம் ஊரில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டு, வாசல்கள் பள்ளத்துக்குப் போய்விட்ட தெருக்கள் நிறைய. ரோட்டுக்குத் தக்கபடி காம்பவுண்டுக்குள்ளும் மண் கொட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருப்பார்கள். பேஸ்மெண்ட்டின் மேல் போடும் ஓதத் தடுப்புப் பட்டைக்கு வெளித்தரை குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அதைத் தாண்டி மண்ணோ தளமோ ஏறிவிட்டால் பட்டை இருந்தும் பயனில்லை, ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு சுவருக்குள் நுழையும். இரண்டாவது, மாடித் தண்ணீர் இறங்கும் குழாயும் ஏ.சி. தண்ணீர்க் குழாயும் எங்கே கொட்டுகின்றன என்று பாருங்கள். சுவரடியில் கொட்டினால் அதைத் திருப்பிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான வைத்தியம். மாடக்குளம், வண்டியூர் மாதிரி கண்மாயை ஒட்டிய மனைகளில், கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் தாளை எடுத்து, பெயிண்ட் சுரண்டிய சுவரில் நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துக் கட்டினால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் கட்டினால் அறைக் காற்றிலிருந்து. ஒரு தாளைக் கோட்டுக்குக் கீழேயும் இன்னொன்றை ஐந்தடி உயரத்திலும் ஒட்டினால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். சில பேர் ஈரம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து எண் சொல்வார்கள். உப்பு ஏறிய சுவரில் அந்த மீட்டர் இருப்பதைவிடக் கூட்டியே காட்டும், ஏனென்றால் உப்பும் மின்சாரத்தைக் கடத்தும். ஒரு எண்ணை வைத்துச் செலவில் இறங்காதீர்கள். சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மே மாத வெயிலில் காய்ந்து தெரிகிற சுவர் நவம்பரில் ஊறும். ஆகவே நவம்பர், டிசம்பரில் சோதியுங்கள், மாசி, பங்குனியில் வேலையை வையுங்கள்.

சரிசெய்வது இப்படி. ஈரக் கோட்டுக்கு மேல் குறைந்தது ஒரு அடி வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுக்க வேண்டும், ஏனென்றால் உப்பு பூச்சுக்குள் இருக்கிறது. செங்கல் மூட்டுகளை அரை அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி, காய்ந்த பிரஷால் உப்பைத் துடைத்து அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளே போகும். பிறகு காயவிட வேண்டும், பெரும்பாலும் பொறுமை போவது இங்கேதான். செங்கல் சுவர் ஒரு அங்குலக் கனம் காய ஏறக்குறைய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் காய்ந்தாலும் நாலைந்து மாதம் ஆகும். நம் கோடை வெயில் அதைக் கொஞ்சம் குறைக்கும், ஆனால் ஒரு வாரத்தில் பூசித் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். மறுபூச்சுக்கு உப்பில்லாத தண்ணீரும் கழுவிய மணலும் வேண்டும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் நனைப்புக்கும் லாரித் தண்ணீர் வாங்குங்கள், இல்லையென்றால் எடுத்த உப்பை நீங்களே திரும்பச் சுவருக்குள் வைக்கிறீர்கள். ஓதச் சுவரில் ஜிப்சம் பூச்சு கூடாது. ஜிப்சம் ஈரத்தில் இளகும்.

நிச்சயமில்லாதது என்று இரண்டைச் சொல்ல வேண்டும். சுவரடியில் துளை போட்டு ஊசி மாதிரி ரசாயனம் ஏற்றும் முறை சில வீடுகளில் நன்றாக நிற்கும், சில வீடுகளில் ஒரு பகுதி மட்டும் நிற்கும். மருந்து செங்கல் முழுக்கப் பரவியதா, மூட்டுக் கலவையில் இடைவெளி விட்டுப்போயிற்றா என்பதைப் பொறுத்தது, அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. உள்பக்கம் அடிக்கும் ஓதத் தடுப்புப் பெயிண்ட்டும் அப்படியே. மூலத்தை அடைத்த பிறகு அடித்தால் துணைக்கு நிற்கும், அதை மட்டும் நம்பினால் ஈரத்தை மேலே தள்ளும். இவற்றுக்கு எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்தாலும், அது மருந்துக்கா வேலைக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

மூலத்தை முழுதாக அடைக்க முடியாத சுவர்கள் உண்டு. மாசி வீதிகள் பக்கத்துப் பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய கனச்சுவர்கள் ஓதத் தடுப்புப் பட்டையே இல்லாமல் நிற்கின்றன. ஏறுகிற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுக்கொண்டே இருந்ததால்தான் அவை நின்றன. திருமலை நாயக்கர் மகாலின் பளபளப்பான சுதை வேலையைப் பார்த்தவர்களுக்கு, சுண்ணாம்பு ஏழைப் பூச்சு இல்லை என்பது தெரியும். அப்படிப்பட்ட சுவரில் சிமெண்ட்டும் வினைலும் வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டுக்கும் இதிலிருந்து ஒரு வழி எடுத்துக்கொள்ளலாம். கீழே மூன்று, மூன்றரை அடி சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும், நடுவில் குறுக்காக ஒரு மரச்சட்டம், அதற்கு மேல் வால்பேப்பர். கீழே மிச்சமிருக்கும் ஈரம் அங்கேயே காய்ந்துவிடும், உப்பு பூத்தால் காய்ந்த துணியால் துடைத்து மறு கோட்டு அடித்தால் போதும். பார்க்கவும் நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் உங்கள் சுவருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

காய்ந்த சுவருக்கு எது என்று வருவோம். ஹாலுக்கு, நெய்யாத நார்த்தாள் அடித்தளத்தின் மேல் வினைல் முகம் வைத்த வால்பேப்பர் நல்லது. துடைக்கலாம், பசையைச் சுவரில் தடவி ஒட்டலாம், கழற்றும்போது காய்ந்த நிலையிலேயே உரியும். வெறும் தாள் வகை அழகு, ஆனால் தலை எண்ணெய்க் கறை ஒன்று விழுந்தால் போகாது, குழந்தைகள் இல்லாத படுக்கையறைக்குச் சரி. புல்நார், சணல் மாதிரி இயற்கை நார் முகம் வைத்தவை ஆடிக் காற்றில் வரும் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் ஊருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டுகிற ஃபோம் ஷீட்டின் பசை வெயில் ஏறும் மேற்குச் சுவரில் சித்திரை, வைகாசியில் இளகிக் கழன்று தொங்கும், பிடித்த இடத்தில் பெயிண்டையும் சேர்த்துப் பிய்க்கும், எளிதில் தீப்பிடிக்கும். பூஜை விளக்கு, அடுப்பு இருக்கும் பக்கம் அதைக் கொண்டு போகவே கூடாது. பி.வி.சி. பேனலும் எரிந்தால் மூச்சை அடைக்கும் அமிலப் புகை வரும், ஆகவே விளக்கு ஏற்றும் இடத்தைச் சுற்றி டைல்ஸோ கல்லோதான்.

ரோல் கணக்கில் அடிக்கடி தப்பு நடக்கிறது. வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10 மீட்டர் நீளம், 57 சதுர அடி. உங்கள் சுவர் 126 சதுர அடி, ஆகவே 3 ரோல் என்று கடையில் சொல்வார்கள். சதுர அடியில் போடக் கூடாது, மேலிருந்து கீழாக ஒட்டும் பட்டைகளின் கணக்கில் போட வேண்டும். 12 அடி என்பது 366 செ.மீ., 53-ஆல் வகுத்தால் 7 பட்டை. உயரம் 320 செ.மீ., மேலும் கீழும் வெட்ட 10 செ.மீ. சேர்த்து 330. டிசைன் இல்லாத வெறும் நிறமாக இருந்தால் ஒரு ரோலில் 3 பட்டை வரும், 3 ரோல் போதும். பூ டிசைன் 64 செ.மீ.க்கு ஒரு தடவை திரும்ப வருவதாக இருந்தால், ஒவ்வொரு பட்டையும் 64-இன் மடங்காக, அதாவது 384 செ.மீ. வெட்ட வேண்டும். அப்போது ஒரு ரோலில் 2 பட்டைதான், 4 ரோல் வேண்டும். சுவர் சரியாகப் பத்தடியாக இருந்திருந்தால் அதே டிசைனுக்கு 320 செ.மீ. பட்டை, 3 ரோலில் முடிந்திருக்கும். அரை அடி உயரம் ஒரு ரோலைக் கூட்டுகிறது. கீழே மூன்றடி சுண்ணாம்பு விட்டால் இந்த டிசைனுக்கும் 3 ரோல் போதும். எல்லா ரோலிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பேட்ச் மாறினால் நிறம் ஒரு இழை மாறும், சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது பளிச்சென்று தெரியும்.

ஒட்டுவதற்கு முன் உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். மாவு ஒட்டினால் பட்டி தளர்ந்திருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தூசி தட்டி, காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கோட்டு அடித்து ஒரு நாள் காயவிட வேண்டும். வெறும் பட்டியின் மேல் ஒட்டினால் பட்டி பசையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பு இராது, பின்னாளில் உரிக்கும்போது பட்டியோடு வரும். புதுச் சிமெண்ட் பூச்சின் காரம் நிறத்தை வெளுக்கும், ஆகவே பூசி ஒரு மாதமாவது கழிய வேண்டும். பசை, வால்பேப்பருக்கென்று வரும் பூசணம் பிடிக்காத பவுடர் பசையாக இருக்கட்டும். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசை கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு. மரவேலைப் பசை போட்டால் பிறகு கழற்ற முடியாது.

முதல் பட்டையைச் சுவர் மூலையை நம்பி ஒட்டக் கூடாது, மூலைகள் நேராக இருப்பது அபூர்வம். மூலையிலிருந்து 20 அங்குலம் தள்ளித் தூக்குக்குண்டு விட்டுப் பென்சில் கோடு போட்டு, அந்தக் கோட்டில் ஓரத்தைச் சேர்த்து ஒட்ட வேண்டும். மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஓரத்தோடு ஓரம் முட்டி நிற்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளுங்கள், மூட்டில் உருளையை அழுத்தி ஓட்டாதீர்கள், பசை பிதுங்கிப் போய்விடும். வெளியே வந்த பசையை அப்போதே ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும், காய்ந்தால் மினுமினுப்பாகத் தழும்பு நிற்கும். சுவிட்ச் போர்டுப் பக்கம் வரும்போது எம்.சி.பி.யை (மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டுத்தான் ஈரத் தாளில் கை வைக்க வேண்டும். நம் ஊரில் அதிகம் கெடுவது ஒட்டிய முதல் நாளில்: சூடு என்று மின்விசிறியை முழு வேகத்தில் வைப்பார்கள், ஜன்னலைத் திறப்பார்கள். தாள் வேகமாகக் காய்ந்து சுருங்கி, பசை பிடிப்பதற்குள் மூட்டு வாய் திறந்துவிடும். ஒரு நாள் முழுக்க விசிறியும் ஏ.சி.யும் இல்லாமல், ஜன்னல் சாத்தி, மெதுவாகக் காயவிடுங்கள்.

பேனல்தான் வேண்டும் என்றால் மர ரீப்பருக்குப் பதில் அலுமினியம் அல்லது ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம் போடுங்கள், இரண்டடிக்கு ஒன்று. கீழும் மேலும் காற்றுப் போக விரல் இடுக்கு விட்டு, அதை ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்கலாம். 10 அங்குல அகலப் பேனல் உங்கள் சுவருக்கு 15 வேண்டும், நீளம் 10 அடிதான் கிடைத்தால் மிச்ச அரை அடிக்கு மேலே கார்னிஸ் வையுங்கள். பி.வி.சி. சூட்டில் நீளும். பத்தடிப் பேனல் 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 4 மி.மீ. நீளும், மேற்கு வெயில் படும் சுவரில் இது நிச்சயம் நடக்கும். தலையில் 5 மி.மீ. இடைவெளி விடாமல் முட்ட வைத்து அடித்தால் கோடையில் வயிறு தள்ளும். வருடம் ஒரு முறை ஒரு பட்டையைக் கழற்றி டார்ச் அடித்துக் கரையான் மண் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பராமரிப்புக்கு ரோலோடு வரும் சீட்டில் உள்ள குறிகளைப் பார்த்து எடுத்து வையுங்கள். ஒரு அலைக்கோடு இருந்தால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றலாம், இரண்டு இருந்தால் துடைக்கலாம், மூன்று இருந்தால் சோப்புத் தண்ணீர் போடலாம், பிரஷ் படம் இருந்தால் மெதுவாகத் தேய்க்கலாம். முழுச் சூரியப் படம் வெயிலைத் தாங்கும், அரைச் சூரியன் அவ்வளவு தாங்காது. மாதம் ஒரு தடவை காய்ந்த மெல்லிய துணியால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் பாதி வேலை முடிந்தது. விளக்குப் புகைக் கரியை ஈரத்தால் துடைத்தால் தீற்றலாகப் பரவும், முதலில் காய்ந்த ஸ்பாஞ்சால் எடுக்க வேண்டும். குங்குமமும் அப்படியே, பொடியாக இருக்கும்போதே ஊதித் தட்டிவிட வேண்டும். மஞ்சள் கறைக்குப் பயந்து பிளீச் போடாதீர்கள், வெளிச்சம் படும் இடத்தில் மஞ்சள் தானாகவே வெளுக்கும். சோபாவுக்குப் பின்னால் எண்ணெய்த் தலை சாயும் இடத்தில், வினைலானால் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்புப் போட்டுத் துடைக்கலாம். தாளானால் பவுடர் தூவி ஒரு இரவு விட்டு உதறுங்கள், முழுக்கப் போகாது, பெருமளவு போகும்.

வினைலுக்கு அடியிலிருந்து கறுப்பாகவோ ஊதாவாகவோ புள்ளிகள் மேலே தெரிந்தால் அது பூசணம், துடைத்துப் பயனில்லை. அந்தப் பட்டையைக் கிழித்து ஈரத்தின் மூலத்தைத் திரும்பத் தேட வேண்டும். மூட்டு விட்டால் மூட்டுப் பசையை மெல்லிய பிரஷால் உள்ளே தடவி அழுத்தலாம், குமிழ் வந்தால் பிளேடால் கீறி ஊசியால் பசை ஏற்றலாம். கிழிந்த இடத்துக்கு, மிச்ச ரோலிலிருந்து டிசைன் பொருந்தும் துண்டை மேலே வைத்து, இரண்டு தாளையும் சேர்த்து ஒரே வெட்டில் வெட்டி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அந்த இடத்தில் ஒட்டினால் தையல் தெரியாது. இதற்காக அரை ரோலாவது பரணில் சுருட்டி, படுக்கை வாட்டில் வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் ஓரம் நசுங்கும்.